படம் மங்கலாக வருகிறதா? முதலில் மங்கலைப் படியுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கி இங்கே எடுத்துக்கொள்கிறேன். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் கேமராவில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் போட்டு எடுக்கிறீர்கள். கேமராவின் பின்திரையில் நன்றாகத் தெரியும் படங்கள் கணினியில் பெரிதாக்கிப் பார்த்ததும் தெளிவில்லாமல் போகின்றன. வீட்டுக்குள் எடுத்தவை இன்னும் மோசமாக இருக்கின்றன. லென்ஸை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றுவதற்கு முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, கீழே சொல்லியிருப்பதைச் செய்து பாருங்கள். இத்தகைய படங்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். பெரும்பாலும் குற்றம் ஷட்டர் வேகத்தில், அதாவது ஒளி புகுவதற்காக ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் இருக்கும், அடுத்தபடியாக ஃபோகஸில் இருக்கும், லென்ஸின் முறை இவற்றுக்கெல்லாம் பிறகுதான் வரும். ஆனால் என் அனுபவத்தை நம்பி நீங்கள் முடிவெடுக்க வேண்டியதில்லை. எதனால் மங்கியது என்பதற்கான தடயம் பெரும்பாலும் அந்தப் படத்திலேயே இருக்கிறது.

தடயத்தைத் தேடுவதற்கு முன், படத்தை எந்த அளவில் வைத்துப் பார்க்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் படம் 6000க்கு 4000 பிக்சல்கள் கொண்டது. சாதாரணக் கணினித் திரையில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 96 பிக்சல்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், நூறு சதவீத அளவில் நீங்கள் பார்ப்பது 62 அங்குலத்துக்கும் மேற்பட்ட, அதாவது சுமார் 1.6 மீட்டர் அகலமுள்ள ஒரு படத்தின் சிறு பகுதியை. அதுவும் இரண்டடித் தொலைவில் உட்கார்ந்துகொண்டு. அவ்வளவு பெரிய அச்சை யாரும் அவ்வளவு அருகில் நின்று பார்ப்பதில்லை. 200 சதவீதத்தில் வைத்தால் எந்தக் கேமராவின் படமும் மெத்தென்றுதான் தெரியும். படத்தைப் பதிவு செய்யும் சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரே ஒரு நிறத்தைத்தான் பதிவு செய்கிறது. மற்ற இரண்டும் அக்கம்பக்கத்துப் பிக்சல்களிலிருந்து கணக்கிட்டு நிரப்பப்படுகின்றன. 1976இல் பிரைஸ் பேயர் என்ற கோடாக் நிறுவன அறிவியலாளர் காப்புரிமை பெற்ற அந்த அமைப்புதான் இன்றைய பெரும்பாலான கேமராக்களிலும் இருக்கிறது. ஆகவே பிக்சல் மட்டத்தில் ஓரளவு மென்மை இருப்பது இயல்பு. சோதனைக்கு நூறு சதவீதத்தில் பாருங்கள். அதற்கு மேல் போக வேண்டாம். படத்தைப் படமாக மதிப்பிடும்போது, திரை முழுவதும் நிறையும் அளவில் பாருங்கள். அந்த அளவிலும் மங்கலாகத் தெரிந்தால் அது உண்மையான மங்கல்.

இனி மங்கலின் வடிவத்துக்கு வருகிறேன். படத்தில் ஒரு சிறு ஒளிப்புள்ளியைத் தேடுங்கள்: தொலைவில் எரியும் ஒரு விளக்கு, கண்மணியில் விழுந்த சன்னலின் பிரதிபலிப்பு, ஒரு பாத்திரத்தின் விளிம்பில் மின்னும் பொட்டு, எதுவானாலும் சரி. அது புள்ளியாக இல்லாமல் ஒரு திசையில் நீண்ட கோடாகவோ சிறு கொக்கியாகவோ மாறியிருந்து, படம் முழுவதிலும் உள்ள புள்ளிகள் அதே வடிவில் இருந்தால், கேமரா அசைந்திருக்கிறது. ஆளின் கையோ முகமோ மட்டும் ஒரு திசையில் இழுபட்டு, பின்னாலிருக்கும் சுவர் தெளிவாக இருந்தால், அசைந்தது ஆள். புள்ளி வட்டமாக ஊதிப் பெருத்து, அதே நேரத்தில் படத்தின் வேறோர் இடம் தெளிவாக இருந்தால், ஃபோகஸ் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. எங்குமே தெளிவில்லை, எந்தத் திசையிலும் இழுபடவுமில்லை, எல்லாம் ஒரே சீராகச் சற்று மழுங்கியிருக்கிறது என்றால், லென்ஸில் ஒளி புகும் துளையை (அப்பர்ச்சர்; எஃப் எண் கூடக் கூட இது சிறிதாகும்) மிகச் சிறிதாக்கியிருக்கலாம், லென்ஸ் கண்ணாடியில் அழுக்கு இருக்கலாம், நடுவில் காற்று கலங்கியிருக்கலாம், அல்லது மென்பொருள் விவரங்களைத் துடைத்திருக்கலாம்.

புள்ளியின் வடிவத்தை வைத்துக் குறையைக் கண்டுபிடிப்பது சிறிய விஷயமில்லை. 1990இல் விண்ணுக்கு அனுப்பப்பட்ட ஹபிள் தொலைநோக்கியின் முதல் படங்கள் மங்கலாக வந்தபோது, விண்மீன்களின் உருவம் கூர்மையான மையத்தைச் சுற்றி ஒளிவட்டம் படர்ந்த நிலையில் இருந்தது. அதை ஆராய்ந்துதான், 2.4 மீட்டர் அகலமுள்ள முதன்மைக் கண்ணாடியின் விளிம்பு சுமார் 2.2 மைக்ரோமீட்டர் அளவுக்குத் தவறாகத் தேய்க்கப்பட்டிருப்பதை உறுதிசெய்தார்கள்; 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் அங்கேயே போய் அதற்கான திருத்த ஒளியியலைப் பொருத்தினார்கள். நம் கையில் இருப்பது அவ்வளவு பெரிய கருவியன்று. ஆனால் புள்ளி என்ன வடிவில் கெட்டிருக்கிறது என்று பார்க்கும் முறை நமக்கும் அதேதான்.

வீட்டுக்குள் எடுத்த படங்கள் கூடுதலாக மங்குகின்றன என்று நீங்கள் சொன்னதிலிருந்து, என் முதல் சந்தேகம் ஷட்டர் வேகத்தின் மேல் விழுகிறது. அந்தப் படங்களில் ஒன்றைத் திறந்து, கோப்போடு பதிவாகியிருக்கும் எடுப்பு விவரங்களைப் பாருங்கள். ஷட்டர் வேகம் 1/30, 1/40 நொடி என்பது போல இருந்தால் விடையில் பாதி கிடைத்துவிட்டது. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் குவியத்தூரத்தின் (லென்ஸின் மி.மீ. எண்) தலைகீழ் எண்ணைவிடக் குறையக் கூடாது, அதாவது 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 வேண்டும் என்பது ஃபிலிம் காலத்து வழக்கு. அந்தக் காலத்தில் படத்தை அஞ்சலட்டை அளவுக்கோ சற்றுப் பெரிதாகவோ அச்சிட்டுப் பார்த்தார்கள். 24 மெகாபிக்சல் படத்தை நூறு சதவீதத்தில் பார்ப்பவருக்கு அது போதாது. இரண்டு மடங்காக்கி 1/100 என்று வைத்துக்கொள்வது நல்லது. இதே லென்ஸைச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் போடுகிறவர்கள், 75 மி.மீ. லென்ஸாகக் கருதி 1/150க்குப் போக வேண்டும்.

லென்ஸிலோ கேமரா உடலிலோ ஸ்டெபிலைசேஷன் இருந்தால் இவ்வளவு கவலை வேண்டாம், 1/15இல்கூடச் சுவரில் மாட்டியிருக்கும் ஓவியத்தைத் தெளிவாக எடுத்துவிடலாம். ஆனால் அந்த வசதி திருத்துவது உங்கள் கையின் நடுக்கத்தை மட்டுமே. எதிரில் இருப்பவரின் அசைவை அது ஒன்றும் செய்வதில்லை. இதைப் புரிந்துகொள்ளாததால் வீணாகும் படங்கள் ஏராளம். ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். சாதாரணமாக நடக்கும் ஒருவர் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டர் நகர்கிறார். 1/60 நொடியில் அவர் 23 மி.மீ. தாண்டிவிடுவார். அவர் உங்களிடமிருந்து 3 மீட்டர் தொலைவில் குறுக்காக நடந்தால், 50 மி.மீ. லென்ஸ் அந்த நகர்வைச் சென்சாரின் மேல் சுமார் 0.4 மி.மீ. நீளமாக விழச் செய்யும். உங்கள் கேமராவின் ஒரு பிக்சல் 6 மைக்ரோமீட்டர் அகலம். ஆக, அவருடைய சட்டைப் பொத்தான் 65 பிக்சல் நீளத்துக்குத் தேய்ந்து போகும். 1/500க்குப் போனாலும் 8 பிக்சல் அளவுக்கு இழுபடும். விளையாடும் குழந்தையின் கை நடப்பவரைவிட வேகமாக நகர்வது. அதை உறைய வைக்க 1/1000 கேட்கிறது என்றால் கேமரா மிகைப்படுத்துகிறது என்று எண்ண வேண்டாம். அசையாமல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவரை எடுப்பதற்குக்கூட நான் 1/125க்குக் கீழே இறங்குவதில்லை, ஏனென்றால் பேசும்போது தலை ஆடுகிறது.

அவ்வளவு வேகத்துக்கு வீட்டுக்குள் வெளிச்சம் இல்லையே என்பீர்கள். அதற்குத்தான் ஐஎஸ்ஓ, அதாவது கிடைத்த ஒளியைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் எண் இருக்கிறது. ஐஎஸ்ஓவை 400க்கு மேல் ஏற்றவே கூடாது என்ற அச்சம் எங்கிருந்தோ வந்து பலருடைய மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இந்த அச்சத்தை நீங்கள் விட்டுவிட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறேன். ஐஎஸ்ஓ 400இல் 1/30 கிடைக்கும் அதே அறையில், ஐஎஸ்ஓ 3200 வைத்தால் 1/250 கிடைக்கும். நாய்ஸ் என்னும் அந்தப் பொடிப்பொடியான இரைச்சலைப் பிறகு மென்பொருளில் பெருமளவு குறைக்கலாம். அச்சிட்டால் பாதி தெரிவதேயில்லை. ஆனால் இழுபட்ட கண்ணிமையைத் திரும்ப நேராக்க நம்பத்தக்க வழி கிடையாது. கேமராவில் தானியங்கி ஐஎஸ்ஓவை இயக்கி, அதன் உள்ளமைப்பில் குறைந்தபட்ச ஷட்டர் வேகம் என்ற இடத்தில் 1/200 என்று எழுதி வையுங்கள். உங்கள் வீட்டுப் படங்களில் எத்தனை இதனால் மட்டுமே சரியாகின்றன என்பதை ஒரே வாரத்தில் பார்த்துவிடுவீர்கள்.

முக்காலி வைத்தும் படம் அசைகிறது என்று சிலர் சொல்வதுண்டு. நடுத்தண்டை உயர்த்தியிருப்பது, காற்றில் அடித்துக்கொள்ளும் கேமரா வார், பட்டனை விரலால் அழுத்துவது ஆகியவை வழக்கமான காரணங்கள். இரண்டு நொடி டைமர் வைத்தால் கடைசிக் காரணம் தீரும். உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி கொண்ட டிஎஸ்எல்ஆர் கேமராவில், அந்தக் கண்ணாடி மேலே அடிப்பதால் வரும் அதிர்வு 1/30க்கும் 1/4க்கும் இடைப்பட்ட வேகங்களில் அதிகம் தெரியும். மிரர்லெஸ் கேமராக்களில் ஷட்டரே உண்டாக்கும் அதிர்வு 1/60 முதல் 1/200 வரையிலான பகுதியில் சில லென்ஸ்களோடு சேர்ந்து இரட்டை விளிம்பாகத் தெரிவதுண்டு. மின்னணு முன்திரை என்ற தேர்வை இயக்கினால் அது நின்றுவிடும்.

ஃபோகஸைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எஃப் 1.8 லென்ஸ் வாங்குபவர்கள் அனைவரும் அதை எஃப் 1.8இலேயே வைத்துப் பயன்படுத்த ஆசைப்படுகிறார்கள். 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8இல் வைத்து, 1 மீட்டர் தொலைவில் உள்ள முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 4 செ.மீ.; கண்ணுக்கு முன்னால் 2, பின்னால் 2. முகம் சற்றே திரும்பியிருந்தால் ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் விழுவதற்கு இதுவே போதுமானது. இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஆழத்தைக் கணக்கிடும் அட்டவணைகளும் செயலிகளும் சென்சாரின் மேல் 0.03 மி.மீ. வரை ஊதிய புள்ளியைத் தெளிவு என்றே ஏற்றுக்கொள்கின்றன. உங்கள் கேமராவில் 0.03 மி.மீ. என்பது 5 பிக்சல். ஐந்து பிக்சல் அகலத்துக்குப் பரவிய ஒன்றை நூறு சதவீதத்தில் பார்த்துத் தெளிவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே அந்த 4 செ.மீ.யின் விளிம்புகளும் உங்கள் திரையில் மங்கலாகவே தெரியும். கண்டிப்பான கண்ணுக்குத் தெளிவாகப்படும் பகுதி ஒரு விரல் தடிமனுக்கு மேல் இருக்காது.

இப்போது, படம் எடுக்கும் அந்த ஓரிரு நொடிகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். நடுப்புள்ளியைக் கண்ணின் மேல் வைத்துப் பட்டனைப் பாதி அழுத்துகிறீர்கள். பச்சைக் கட்டம் வருகிறது. பிறகு முகம் படத்தின் மேற்பகுதியில் அமையும்படி கேமராவைச் சாய்த்து, முழுவதும் அழுத்துகிறீர்கள். 14 பாகை சாய்த்தீர்கள் என்றால், ஃபோகஸ் தளமும் கேமராவோடு சேர்ந்து திரும்பி, 1 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 3 செ.மீ. கண்ணுக்குப் பின்னால் போய்விடும். உங்களிடம் இருந்ததோ 2 செ.மீ. மட்டுமே. படத்தைத் திறந்தால் காதோரத்து முடி ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போல நிற்கும். கண்ணிமைகள் பஞ்சாக இருக்கும். இதைப் பார்த்து லென்ஸ் கூர்மையில்லை என்று முடிவு கட்டுகிறவர்கள், அந்தக் காதோரத்து முடியைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அவ்வளவு தெளிவாக முடியை வரைந்து தந்ததும் அதே லென்ஸ்தான்.

சாய்க்காமல் எடுத்தாலும் ஆபத்து நீங்குவதில்லை. நின்றுகொண்டிருக்கும் மனித உடல் எப்போதும் முன்னும் பின்னும் சற்றே ஆடிக்கொண்டிருக்கிறது. பாதி அழுத்தியதற்கும் முழுதும் அழுத்தியதற்கும் இடையில் நீங்கள் 1 செ.மீ., எதிரில் இருப்பவர் 1 செ.மீ. ஆடினால் கணக்கு தீர்ந்தது. ஆகவே ஆட்களை அருகில் எடுக்கும்போது, ஒரு முறை பூட்டிவிடும் ஒற்றை ஃபோகஸைவிட, பட்டன் அழுந்தியிருக்கும் வரை தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்கும் தொடர் ஃபோகஸ் பாதுகாப்பானது. உங்கள் கேமராவில் கண்ணைக் கண்டறியும் வசதி இருந்தால் அதைத் தயங்காமல் இயக்குங்கள்; அது படத்தின் எந்த மூலையில் கண் இருந்தாலும் அங்கேயே ஃபோகஸ் செய்வதால், சாய்க்கும் வேலையே இல்லாமல் போகிறது. இல்லையென்றால் ஃபோகஸ் புள்ளியை நீங்களே நகர்த்திக் கண்ணின் மேல் வையுங்கள். எந்தப் புள்ளி என்பதைக் கேமராவே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டால், அது பெரும்பாலும் அருகிலிருப்பதையோ ஒளி-இருள் மாறுபாடு மிகுந்த விளிம்பையோ பிடித்துக்கொள்ளும்: மூக்கு, கண்ணாடிச் சட்டம், சட்டையின் கோடு. இன்னொன்றும் பாருங்கள். பல கேமராக்களில் தொடர் ஃபோகஸ் முறையில், ஃபோகஸ் கிடைக்காவிட்டாலும் ஷட்டர் திறக்கும்படி தொழிற்சாலையிலேயே அமைத்திருப்பார்கள். ஃபோகஸுக்கு முன்னுரிமை என்று மாற்றிவைத்தால், எடுத்த படங்களின் எண்ணிக்கை குறையும். வைத்துக்கொள்ளத் தக்கவை கூடும்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அவற்றில் ஃபோகஸை அளக்கும் உணரி, படம் பதிவாகும் சென்சாரிலிருந்து தனியாகக் கேமராவின் அடிப்பகுதியில் இருக்கிறது. ஒளி இரண்டுக்கும் வெவ்வேறு வழியில் போகிறது; இரண்டு வழிகளின் நீளத்திலும் மயிரிழை வேறுபாடு இருந்தால், ஒவ்வொரு படத்திலும் ஃபோகஸ் ஒரே அளவுக்கு முன்னாலோ பின்னாலோ விழும். கண்வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாக ஒரு படமும், பின்திரையில் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் பெரிதாக்கி ஃபோகஸ் செய்து ஒரு படமும் எடுத்து ஒப்பிட்டால் தெரிந்துவிடும். கேமராவில் நுண்திருத்த வசதி இருந்தால் அங்கே சரிசெய்யலாம். உங்களுடைய மிரர்லெஸ் கேமராவில் சென்சாரே ஃபோகஸையும் அளப்பதால் இந்தக் குறை அநேகமாக எழாது.

அடுத்து அப்பர்ச்சர். பெரும்பாலான லென்ஸ்கள் முழுத் திறப்பில் தம் உச்சக் கூர்மையைத் தருவதில்லை. விலை குறைந்த 50 மி.மீ. லென்ஸ்கள் எஃப் 1.8இல் வெளிச்சமான விளிம்புகளைச் சுற்றி ஒரு மெல்லிய ஒளிப்படலத்தைக் காட்டும், எஃப் 2.8இல் அது பெருமளவு விலகும், எஃப் 5.6 அருகில் லென்ஸ் தன் முழுத் திறமையையும் காட்டும். இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் எஃப் 22 இன்னும் நல்லது என்று போய்விடக் கூடாது. சிறு துளை வழியே புகும் ஒளி விரிந்து பரவும்; இது கண்ணாடியின் குறையன்று, ஒளியின் இயல்பு, எவ்வளவு செலவழித்தாலும் விலகாது. பச்சை ஒளியைக் கொண்டு கணக்கிட்டால், ஒரு புள்ளி எஃப் 8இல் சுமார் 11 மைக்ரோமீட்டர் வட்டமாகவும், எஃப் 16இல் 21 மைக்ரோமீட்டராகவும், எஃப் 22இல் 30 மைக்ரோமீட்டராகவும் பரவுகிறது. உங்கள் பிக்சல் 6 மைக்ரோமீட்டர். எஃப் 8இல் இரண்டு பிக்சலுக்குள் அடங்கிவிடும் புள்ளி எஃப் 22இல் ஐந்து பிக்சலுக்கு விரிந்துவிடுகிறது. முன்னிருக்கும் பாறையும் தொலைவிலிருக்கும் மலையும் ஒருசேரத் தெளிவாக வேண்டும் என்பதற்காக எஃப் 22 வைத்து எடுக்கும் இயற்கைக் காட்சிகள், எங்கும் தெளிவாகவும் எங்கும் கூர்மையில்லாமலும் வருவது இதனால்தான். எஃப் 8 அல்லது எஃப் 11 வைத்து, முன்னிருப்பதற்கு ஒரு படமும் தொலைவுக்கு ஒரு படமும் எடுத்து மென்பொருளில் இணைப்பது நல்ல வழி. அந்த உழைப்பு வேண்டாம் என்றால் எஃப் 16 வரை போகலாம், இழப்பு தாங்கக்கூடியதே.

லென்ஸுக்கு முன்னால் இருப்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் 300 மி.மீ. லென்ஸில் பறவைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். மரக்கிளைகளின் விளிம்புகள் எல்லாம் லேசாக இரட்டித்துத் தெரிந்தன. பின்னணியில் இருந்த புல் நரம்பு நரம்பாகக் குழம்பியது. என் கைநடுக்கம் என்று நினைத்து முக்காலி வைத்தேன், ஷட்டரை 1/2000க்கு ஏற்றினேன், ஃபோகஸைக் கையால் திருப்பிப் பார்த்தேன், எதுவும் மாறவில்லை. ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, துடைப்பதற்காக முன்னாலிருந்த பாதுகாப்பு ஃபில்டரைக் கழற்றி வைத்த நாளில், அதைத் திரும்ப மாட்ட மறந்து எடுத்த படங்கள் அத்தனையும் கண்ணாடி போலத் தெளிவாக இருந்தன. சமமாகத் தேய்க்கப்படாத ஒரு கண்ணாடித் தகடு, நீண்ட குவியத்தூர லென்ஸின் முன்னால் எவ்வளவு கெடுதல் செய்யும் என்பதை அன்று கண்டேன். 50 மி.மீ.இல் அதே ஃபில்டர் அவ்வளவு தெரியாது. ஆனாலும் சோதிக்கும்போது ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். லென்ஸின் முன்புறத்தில் விரல்ரேகை படிந்திருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படங்களில் மாறுபாடு குறைந்து, மெல்லிய பால்படலம் போர்த்தியது போலத் தெரியும். குளிர்ந்த அறையிலிருந்து ஈரமும் வெப்பமும் மிகுந்த இடத்துக்குக் கேமராவைச் சட்டென்று கொண்டுவந்தால் கண்ணாடியில் ஆவி படியும். பையை மூடியபடியே வைத்து வெப்பநிலை சமமாகும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

காற்றும் அப்படியே. வெயிலில் காய்ந்த தரைக்கு மேலாகத் தொலைவிலிருப்பதை எடுக்கும்போது, சூடான காற்று மேலெழும்பி ஒளியை அலைக்கழிக்கிறது. அடுத்தடுத்து எடுத்த பத்துப் படங்களில் ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் நெளிந்திருந்தால் அது கானல். அதற்கு எந்த லென்ஸும் மருந்தில்லை. அதிகாலையில் போங்கள், அல்லது அருகில் போங்கள்.

கோப்பைத் திறந்த பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். சென்சார் பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் கேமரா கூர்மை எதையும் சேர்ப்பதில்லை. ஜேபெக் கோப்பில் கேமராவே சேர்த்துவிடுகிறது. அதனால் ராவுக்கு மாறிய முதல் வாரத்தில் எல்லாம் மழுங்கிவிட்டதாகத் தோன்றுவது இயல்பு. அது குறையன்று, வேலை இன்னும் முடியவில்லை என்பதே பொருள். மாறாக, அதிக ஐஎஸ்ஓவில் எடுத்த ஜேபெக் படங்களில் தலைமுடியும் துணியின் நெசவும் மெழுகு பூசியது போல வழுவழுவென்று தெரிந்தால், கேமராவின் நாய்ஸ் குறைப்பு அளவுக்கு மீறி வேலை செய்திருக்கிறது; அதைக் குறைந்த நிலைக்கு மாற்றுங்கள். கூர்மை சேர்க்கும் கருவி உண்மையில் செய்வது, விளிம்பின் இருண்ட பக்கத்தை மேலும் இருட்டாகவும் ஒளிர்ந்த பக்கத்தை மேலும் ஒளியாகவும் ஆக்குவது மட்டுமே. ஏற்கெனவே இருக்கும் விவரத்தை அது எடுத்துக்காட்டும். லென்ஸ் வரையாத இமையை அது வரைந்து தராது. படத்தைச் சிறிதாக்கி வெளியிடுவதாக இருந்தால், முதலில் சிறிதாக்கி, அதன் பிறகு மிக லேசாகக் கூர்மை சேர்ப்பதே முறை. சிறிதாக்கும்போது முன்பு சேர்த்த கூர்மையில் ஒரு பகுதி காணாமல் போவதால்தான் இந்த வரிசை.

இனி நான் முதலில் சொன்ன அந்த மாலைப்பொழுதின் வேலை. நன்றாக வெளிச்சம் விழும் ஒரு சுவரில், சிறிய எழுத்துகள் நிறைந்த செய்தித்தாள் பக்கங்களைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். நடுவில் ஒன்று, படத்தின் நான்கு மூலைகளில் விழும்படி நான்கு. முக்காலியை 2.5 மீட்டர் தொலைவில், கேமரா சுவருக்கு நேராக இருக்கும்படி நிறுத்துங்கள். ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள். ஐஎஸ்ஓ 100, எஃப் 5.6, இரண்டு நொடி டைமர். ஃபோகஸைக் கைமுறைக்கு மாற்றி, திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, அது மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்திப் படம் எடுங்கள். இந்த ஒரு படத்தில் உங்கள் கை இல்லை, தானியங்கி ஃபோகஸ் இல்லை, எதிரில் அசைபவர் யாரும் இல்லை. லென்ஸும் சென்சாரும் மட்டுமே இருக்கின்றன.

அந்தப் படத்தை நூறு சதவீதத்தில் பாருங்கள். எழுத்துகள் கத்தரித்தது போலத் தெரிந்தால் உங்கள் லென்ஸ் நலமாக இருக்கிறது. அடுத்து, வேறெதையும் தொடாமல் தானியங்கி ஃபோகஸில் பத்துப் படங்கள் எடுங்கள். ஒவ்வொரு முறையும் லென்ஸை மிக அருகில் ஃபோகஸ் ஆகும்படி திருப்பிவிட்டு, கேமராவைத் திரும்பத் தேடவிடுங்கள். பிறகு அப்பர்ச்சரை எஃப் 1.8க்குத் திறந்து எடுங்கள். பிறகு முக்காலியிலிருந்து கழற்றி, ஸ்டெபிலைசேஷனைத் திரும்ப இயக்கி, கையில் பிடித்து 1/200, 1/100, 1/50, 1/25 என்று ஒவ்வொரு வேகத்திலும் ஐந்து படங்கள் எடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாமல் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். எந்தப் படியில் எழுத்துகள் மங்கத் தொடங்குகின்றனவோ அந்தப் படியில்தான் உங்கள் குறை இருக்கிறது. கையில் பிடித்து எடுத்தவற்றில், ஐந்தில் குறைந்தது நான்கு படங்கள் தெளிவாக வரும் மிகக் குறைந்த வேகம் எதுவோ அதுவே உங்கள் கைக்குரிய எல்லை. அந்த எண்ணைக் குறித்துவைத்து, தானியங்கி ஐஎஸ்ஓவின் குறைந்தபட்ச வேகம் ஒருபோதும் அதற்குக் கீழே இறங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படத்திலேயே எழுத்துகள் மங்கலாக இருந்தால், மூலைகளை ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். நான்கு மூலைகளும் ஒரே அளவுக்கு மங்கி, நடுப்பகுதி தெளிவாக இருந்தால் அது அந்த லென்ஸ் வடிவமைப்பின் இயல்பு. எஃப் 8இல் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒரு பக்கத்து மூலைகள் மட்டும் மங்கி எதிர்ப்பக்கம் தெளிவாக இருந்தால், கேமரா சுவருக்கு நேராக இருக்கிறதா என்று மறுபடி சரிபார்த்து, பிறகு கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்து மாட்டி இன்னொரு படம் எடுங்கள். கவிழ்த்த பிறகு சுவரின் மறுபக்கத்துச் செய்தித்தாள் மங்கினால், உள்ளே ஒரு கண்ணாடி மையத்திலிருந்து விலகியிருக்கிறது. கீழே விழுந்த லென்ஸ்களில் இதை அடிக்கடி காணலாம். கவிழ்த்த பிறகும் சுவரில் அதே இடமே மங்கினால், குறை முக்காலி நின்ற கோணத்தில்தான் இருக்கிறது. கண்ணாடி விலகியிருப்பது உறுதியானால், உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும்போதே இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு சேவை மையத்துக்குப் போங்கள். பழுதுபார்க்க முடியாது என்று அவர்கள் சொன்னால், லென்ஸை மாற்றலாமா என்ற உங்கள் கேள்விக்கு அப்போது ஆம் என்று சொல்வேன்.